திருச்சி - யாழ்ப்பாணம் ஃப்ளைட்: 184 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

உறையூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். தை மாசம் தம்பிக்கு கல்யாணம் வச்சிருக்கோம், பொண்ணு வீடு யாழ்ப்பாணம் நல்லூர் பக்கம். அம்மாவுக்கு எழுபது தாண்டிருச்சு, முழங்கால் வலி வேற, அதனால எப்படி கூட்டிட்டு போறதுன்னு ஒரே யோசனையா இருக்கு. திருச்சில இருந்தே நேரா யாழ்ப்பாணம் ஏர்போர்ட் பலாலிக்கு ஃப்ளைட் இருக்குன்னு சொன்னாங்க. தூரம் எவ்ளோன்னு நெட்ல பாத்தா ஒரு சைட்ல 184 கி.மீ, இன்னொன்னுல 191. நேரம் பாத்தா ஒரு சைட் 22 நிமிஷம்னு காட்டுது, டிக்கெட் போடுற இடத்துல கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்னு இருக்கு. இதுல எனக்கு பெரிய குழப்பம் என்னன்னா திருச்சி - கொழும்பு ஃப்ளைட்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், அது 400 கி.மீக்கு மேல, பாதி தூரத்துக்கும் அதே நேரம் எப்படி ஆகும்? நடுவுல எங்கயாவது நிறுத்துவாங்களா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

ரன்வே09:
நிறுத்த மாட்டாங்கக்கா, நேரா போறதுதான். முதல்ல தூரம். 184ங்கறது ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் நேர்கோடு, 191 ஊர் நடுவுல இருந்து ஊர் நடுவுக்கு. பலாலி ஏர்போர்ட் யாழ்ப்பாணம் டவுனுக்கு வடக்கே, நம்ம பக்கமா இருக்கறதால அந்த ஏழு கி.மீ வித்தியாசம் வருது. ஃப்ளைட்டுக்கு 184தான் கணக்கு, கடல் மைல்ல சொன்னா 99, நூறு கூட இல்ல.

இப்ப நேரம். இந்த ரூட்ல போறது ஏடிஆர் 72, ரெண்டு பக்கமும் விசிறி வச்ச விமானம், மேல நேரா பறக்கும்போது மணிக்கு 500 கி.மீ சுமாரா போகும். 184ஐ 500ஆல வகுத்தா 22 நிமிஷம், அந்த சைட் பண்ணது இவ்ளோதான். ஆனா எந்த விமானமும் நின்ன இடத்துல இருந்தே 500ல கிளம்பாது. மேல ஏறும்போது 300 கி.மீ சுமாராத்தான் போகும், இறங்கும்போதும் பத்தாயிரம் அடிக்கு கீழ வேகத்தை கட்டுப்படுத்தணும். இவ்ளோ சின்ன தூரத்துல ஏறி முடிச்சு கொஞ்ச நேரத்துலயே இறங்க ஆரம்பிச்சிடும், முழு வேகத்துல போற நேரம் சில நிமிஷம்தான். டிக்கெட்ல போடுற நேரம் பறக்கற நேரம் மட்டும் கிடையாது, இங்க சக்கரத்துக்கு வச்ச கட்டையை எடுக்கறதுல இருந்து அங்க போய் கட்டை வைக்கிற வரைக்கும். ரன்வேக்கு உருண்டு போறது, க்ளியரன்ஸ்க்கு காத்திருக்கறது, இறங்கி திரும்ப உருண்டு வர்றது, கொஞ்சம் சேஃப்டிக்கு சேத்து போடுற நிமிஷம் எல்லாம் அதுல அடக்கம்.

நான் வச்சிருக்கற ஈஸியான கணக்கு, ஏடிஆர்னா தூரத்தை 500ஆல வகுத்து வர்றதோட 35 நிமிஷம் கூட்டிக்கோங்க. திருச்சி - யாழ் 22 + 35 = 57. சென்னை - யாழ் 354 கி.மீ, 42 + 35 = 77, டைம்டேபிள்ல ஒன்னேகால் மணி நேரம் சொச்சம்தான் இருக்கும். சென்னை - திருச்சி 293 கி.மீ, 35 + 35 = 70, அதுவும் ஒத்துவரும்.

கொழும்புக்கு போறது ஜெட், 417 கி.மீ, 800 வேகம்னு வச்சா 31 நிமிஷம், அதோட ஒரு 30. அதனாலதான் ரெண்டும் ஒரு மணி நேரத்துல வந்து நிக்குது. தரையில ஆகுற நேரம் தூரத்தை பாத்து குறையாது, அதான் விஷயம்.

உறையூர்க்காரி:
ரொம்ப நன்றி தம்பி, இப்ப புரியுது. ஒரு டவுட்டு, ரெண்டு நாட்டு டைமும் ஒன்னுதானே? கிளம்புற டைமையும் சேருற டைமையும் நேரா கழிச்சு பாக்கலாமா?

பனங்கூடல்:
ஓம் அக்கா, ஒரே நேரம்தான். முந்தி எங்கட நேரம் வேற மாதிரி இருந்தது, 1996ல ஒருக்கா கூட்டினவை, பேந்து அரை மணித்தியாலம் குறைச்சவை, 2006 சித்திரை புதுவருசத்தோட திரும்ப இந்தியாவோட ஒண்டாக்கிப்போட்டினம். இப்ப கழிச்சுப் பாத்தா சரியா வரும்.

நான் யாழ்ப்பாணத்தில இருந்துதான் எழுதுறன். பறக்கிற நேரத்தை பற்றிக் கன பேர் கேக்கினம், ஆனா வீட்டு வாசல்ல இருந்து வீட்டு வாசலுக்கு எவ்வளவு நேரம் எண்டுதான் நீங்கள் பாக்க வேணும், அதுவும் வயசான அம்மாவோட. பிளேன் சின்னன் எண்டாலும் இது வெளிநாட்டு பயணம். மூண்டு மணித்தியாலம் முன்னம் வரச் சொல்லுவினம், செக்-இன் கவுண்டரை ஒரு மணித்தியாலத்துக்கு முன்னமே பூட்டிப்போடுவினம், இமிகிரேசன், கஸ்டம்ஸ் எல்லாம் இருக்கு. பலாலியில இறங்கி வெளியில வர அரை மணித்தியாலத்துக்கு மேல வையுங்கோ, அங்கயிருந்து டவுனுக்கு இன்னொரு அரை மணித்தியாலம். எல்லாம் சேத்தா உறையூர்ல இருந்து நல்லூருக்கு அஞ்சரை மணித்தியாலம். அதில ஆகாயத்தில இருக்கிறது முக்கால் மணித்தியாலமும் வராது.

நாகை_கடற்கரை:
கப்பலையும் யோசிச்சு பாருங்கக்கா. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை (யாழ்ப்பாணத்து துறைமுகம்) கிட்டத்தட்ட 110 கி.மீ, நாலு மணி நேரம் சுமாரு. லக்கேஜ் நிறைய இருந்தா இதுதான் தோது, கல்யாணத்துக்கு போறவங்க சும்மாவா போவாங்க, சீர்வரிசை பலகாரம்னு நிறைய இருக்குமே.

ரன்வே09:
லக்கேஜ் விஷயத்துல உங்க பேச்சு சரி அண்ணே, ஆனா தை மாசத்துக்கு அத நம்பி டிக்கெட் போட முடியுமா? 2023 அக்டோபர் 14ல ஆரம்பிச்சாங்க, சில நாள்லயே வடகிழக்கு மழை வந்து நின்னுச்சு, அப்பறம் 2024 ஆகஸ்ட் 16லதான் திரும்ப ஓடுச்சு. கடல் கொந்தளிச்சா கப்பல் கிடையாது, முகூர்த்தம் கடலுக்காக காத்திருக்காது. அதோட திருச்சில இருந்து நாகைக்கே 140 கி.மீக்கு மேல ரோட்ல போகணும், முழங்கால் வலி இருக்கறவங்கள மூணு மூன்றரை மணி நேரம் கார்ல உக்கார வச்சு, அப்பறம் நாலு மணி நேரம் கப்பல்ல, அந்த பக்கம் இறங்கி மறுபடி வண்டி. முழு நாளும் போயிடும்.

நாகை_கடற்கரை:
பெரியவங்க விஷயத்துல சரிதான். ஆனா சின்ன வயசு உறவுக்காரங்க நாலஞ்சு பேரு சாமானோட கப்பல்ல முன்னாடியே போயிட்டா, அம்மாவும் நீங்களும் கை பேக்கோட ஃப்ளைட்ல போகலாம்ல. நான் சொல்ல வந்தது அதுதான்.

உறையூர்க்காரி:
இது நல்ல யோசனையா இருக்கே. கொழும்பு வழியா போறத பத்தி யாராவது சொல்லுங்களேன், மாமா அதையே சொல்லிட்டு இருக்காரு, பெரிய ஃப்ளைட் பயமில்லங்கறாரு.

பனங்கூடல்:
அக்கா அது வேண்டாம். நீங்கள் கட்டுநாயக்காவில இறங்கினா யாழ்ப்பாணம் வர இன்னும் 380 கிலோமீட்டர் மட்டில ரோட்டு இருக்கு. பஸ் எண்டா ஏழெட்டு மணித்தியாலம், ரெயிலுக்கு முதல் கொழும்பு கோட்டை ஸ்டேசனுக்கு போக வேணும். வரைபடத்தை விரிச்சுப் பாருங்கோ, நாங்கள் உங்களுக்கு பக்கத்தில இருக்கிற ஆக்கள், எங்களைத் தாண்டி தெற்கால போய் இறங்கி திரும்ப வடக்கால வாறது. கன வருசம் எங்களுக்கு வேற வழி இல்லாமல் அப்பிடித்தான் வந்து போனனாங்கள். திருச்சியில படிக்கிற பிள்ளையை பாக்க, வேலூர் ஆஸ்பத்திரிக்கு வருத்தம் காட்ட போக எண்டு எல்லாத்துக்கும் முதல் இராப் பயணம் கொழும்புக்குத்தான்.

ஸ்காபரோ_அக்கா:
இதை நானும் எழுதத்தான் வந்தன். எங்கட அப்பாவை ஆக்கள் டொரொண்டோவில இருந்து போய் கொழும்பில இறங்கி வான் பிடிச்சு இராமுழுக்க பயணம் செய்து விடியத்தான் வீட்டுக்கு போறவை. இப்ப சென்னை வந்து மாறிப் போகலாம் எண்டது எங்களுக்கு பெரிய ஆறுதல். ஆனா வெளிநாட்டில இருந்து வாற ஆக்களுக்கு ரெண்டு விசயம் சொல்ல வேணும். சென்னை வரைக்கும் ஒரு டிக்கெட், அங்கயிருந்து யாழ்ப்பாணத்துக்கு தனி டிக்கெட் எண்டு எடுத்தா, சென்னையில இமிகிரேசன் முடிச்சு வெளியில வந்து பெட்டியை எடுத்து திரும்ப செக்-இன் பண்ண வேணும், அதுக்கு இந்திய விசா இருக்க வேணும். மற்றது பெட்டி. நீண்ட தூர பிளேன்ல ரெண்டு பெட்டி 23 கிலோ படி கொண்டு வந்து, இந்த சின்ன பிளேனுக்கு வரேக்கை அளவு குறைவு எண்டு சொல்லி கூடின கிலோவுக்கு காசு கேப்பினம். அதை முன்கூட்டியே டிக்கெட்டில பாருங்கோ.

மலைக்கோட்டை_72:
வந்ததுல இருந்து படிச்சிட்டு இருக்கேன், ஒரே ஒரு கேள்வி. பலாலி ரன்வேய நீட்டிட்டா ஏ320 மாதிரி ஜெட் இறங்கும்ல, திருச்சில நீளமான ரன்வே 2480 மீட்டர் இருக்கு, 2024ல புது டெர்மினலும் தொறந்தாச்சு, நம்ம பக்கம் குறையே இல்ல, அவங்க பக்கம் ரன்வே சின்னதா இருக்கறதாலதானே விசிறி வண்டில போக வேண்டியிருக்கு? ஜெட் வந்தா நேரமும் மிச்சம், பெட்டி பிரச்சனையும் தீரும்.

ரன்வே09:
நேரம் மிச்சம்ங்கறத கணக்கு போட்டு பாக்கலாம். 184 கி.மீ, 800 வேகம், 14 நிமிஷம். ஏடிஆர்ல 22. மிச்சம் 8 நிமிஷம், அதுவும் காகிதத்துலதான், ஏன்னா இந்த தூரத்துல ஜெட் 800ஐ எட்டிப் பிடிக்கறதுக்குள்ள இறங்கற நேரம் வந்துடும். மூணு மணி நேரம் முன்னாடி வரச் சொல்ற இடத்துல 8 நிமிஷம் யாருக்கு என்ன பிரயோஜனம்? இவ்ளோ சின்ன செக்டாருக்குன்னே செஞ்ச மாதிரி விமானம் ஏடிஆர். எரிபொருள் செலவு ஜெட்டை விட ரொம்ப கம்மி, 70 சொச்சம் சீட்டு, தினம் நிரப்பக்கூடிய அளவு. 180 சீட்டு ஜெட்டை தினம் இந்த ரூட்ல நிரப்ப முடியலன்னா வாரத்துக்கு ரெண்டு நாள்னு ஆக்கிடுவாங்க, அப்ப நமக்குத்தான் கஷ்டம்.

அதோட சின்ன ஏர்போர்ட்டுக்கு ஏத்த ஒரு விஷயம் இதுல இருக்கு. பெரிய ஜெட்டுங்க வால்ல ஒரு குட்டி எஞ்சின் இருக்கும், நிக்கும்போது கரண்டும் ஏசியும் அதுதான் குடுக்கும். ஏடிஆர்ல அது கிடையாது, வலது பக்க எஞ்சினோட விசிறிக்கு மட்டும் பிரேக் போட்டு நிறுத்திட்டு எஞ்சின ஓட விட்டுடுவாங்க, உள்ள ஏசி ஓடிட்டே இருக்கும், வெளிய விசிறி அசையாது. தரையில பெரிய வசதி எதையும் எதிர்பாக்காம வந்து இறக்கி ஏத்திட்டு கிளம்பிடலாம்.

பனங்கூடல்:
மலைக்கோட்டை அண்ணை, நீங்கள் நல்ல மனசோடதான் கேக்கிறியள் எண்டு விளங்குது, ஆனா ரன்வேயை நீட்டுறது எண்டா ஆற்ற காணியில நீட்டுறது எண்டும் கேளுங்கோ. பலாலியை சுத்தி இருக்கிறது வலிகாமம் வடக்கு. 1990ல யுத்தத்தால அந்த சனம் உடுத்த உடுப்போட எழும்பி போனது, பிறகு அது ராணுவத்தின்ர உயர்பாதுகாப்பு வலயம் எண்டு ஆச்சுது. கன காணி விடுபட்டிருக்கு, கன காணி இன்னும் விடுபடேல்லை. செம்மண் பூமி, வெங்காயமும் வாழையும் உருளைக்கிழங்கும் விளைஞ்ச தறை. தங்கட வளவை முப்பது வருசத்துக்கு மேல வேலிக்கு இங்கால நிண்டு பாத்துக்கொண்டு இருக்கிற ஆக்கள் இருக்கினம். எனக்கும் பெரிய பிளேன் வர வேணும் எண்டு ஆசைதான், ஆனா அந்தச் சனத்தை கேக்காமல், அவையின்ர காணி உறுதிக்கு (பத்திரத்துக்கு) பதில் சொல்லாமல் ஒரு அடி கூட நீட்டக் கூடாது.

2019ல திறக்கேக்கை 1400 மீட்டர் ரன்வே சரி செய்தவை, ஏடிஆருக்கு அது காணும். இப்ப எங்களுக்கு தேவை ஒழுங்கா தினமும் ஓடுற சேவை.

ஸ்காபரோ_அக்கா:
காணி விசயத்தில பனங்கூடல் சொன்னதோட நான் நிக்கிறன். ஆனா பெரிய பிளேன் வந்தா திருச்சிக்காரருக்கு எட்டு நிமிசம்தான் மிச்சம் எண்டாலும், வளைகுடாவில வேலை செய்யிற பெடியள் நேரா ஊருக்கு வரலாம், எங்களைப் போல ஆக்களுக்கு ஒரு மாற்றம் குறையும். அதையும் கணக்கில எடுக்க வேணும். காணிக்காரரோட கதைச்சு, நியாயமா செய்தா செய்யலாம்தானே.

பனங்கூடல்:
கதைச்சு செய்தா நான் மறுக்கேல்லை அக்கா. கதைக்கிறதுதான் முதல்.

சின்ன விசயம் ஒண்டு சொல்லோணும், இது புதுசா வந்த பாதை எண்டு கன பேர் நினைக்கினம். 1947 டிசம்பர் 10, எயார் சிலோன்ர முதல் பறப்பே இரத்மலானையில இருந்து காங்கேசன்துறை வந்து மதராசுக்கு போனதுதான். டக்கோட்டா விமானம், பேர் சீதாதேவி. காங்கேசன்துறை எண்டு அப்ப சொன்னது இந்தப் பலாலியைத்தான், யுத்த காலத்தில வெள்ளைக்காரன் விமானப்படைக்கு கட்டின இடம். பிறகு எங்கட யுத்தத்தோட எல்லாம் நிண்டு போச்சு. 2019 அக்டோபர் 17 சர்வதேச விமான நிலையம் எண்டு திறந்து, நவம்பர் 11 அலையன்ஸ் எயார் சென்னையில இருந்து வரத் தொடங்கி, நாலு மாசத்தில கொரோனா வந்து நிண்டு, 2022 டிசம்பர் 12 திரும்ப தொடங்கினது. 2024 செப்டம்பர்ல இண்டிகோ சென்னையில இருந்து, 2025 மார்ச் 30ல இருந்து திருச்சி. இவ்வளவும் நிண்டு நிண்டு வந்த சேவை, அதாலதான் ஆக்கள் பிளேன்ல ஏற வேணும், ஆள் இல்லை எண்டு நிப்பாட்ட விடக்கூடாது எண்டு சொல்லுறன்.

உறையூர்க்காரி:
படிக்கும்போது மனசுக்கு கஷ்டமா இருக்கு அண்ணா, காணி விஷயமெல்லாம் எங்களுக்கு இங்க தெரியறதே இல்ல. ஃப்ளைட்லதான் போறோம்னு முடிவு பண்ணிட்டோம். அம்மா கேக்கறாங்க, கடல் மேல எவ்ளோ நேரம் போகும்னு, அவங்களுக்கு இது முதல் ஃப்ளைட்.

ரன்வே09:
அம்மாவ ஜன்னல் சீட்டுல உக்கார வைங்கக்கா. மேப்புல நேர்கோடு போட்டா கந்தர்வகோட்டை, பட்டுக்கோட்டை பக்கமா போய் அதிராம்பட்டினத்துகிட்ட கரைய தாண்டும். பாதிக்கு கொஞ்சம் கம்மி தரை, மிச்சம் நூறு கி.மீ கடல். பாக் நீரிணை மேல இருக்கறது கால் மணி நேரம் சுமாருதான், அதுக்குள்ள எதிர்க்கரை தெரிய ஆரம்பிச்சிடும். கண்ட்ரோல்ல சொல்ற வழியப் பொறுத்து கொஞ்சம் முன்னப்பின்ன போகலாம். ஏடிஆர்ல இறக்கை ஜன்னலுக்கு மேல இருக்கும், அதனால எந்த சீட்டுல உக்காந்தாலும் கீழ மறைக்காது. இடது பக்கம் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, வலது பக்கம் போகப்போக காரைநகர், ஊர்காவற்றுறை தீவுங்க. இறங்கறதுக்கு முன்னாடி வயித்துப் பக்கத்துல இருந்து சக்கரம் வெளிய வர்றது நடு வரிசை ஜன்னல்ல தெளிவா தெரியும். முதல் தடவை பாக்கறவங்க என்னமோ கழண்டு விழுதுன்னு பதறுவாங்க, முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.

இன்னொன்னு, கடைசில விமானம் நல்லா வளைஞ்சு திரும்பும். நம்ம ஊருல இருந்து போற திசை தென்கிழக்கு, பலாலி ரன்வே தென்மேற்கு - வடகிழக்கா போட்டிருக்கு, நாம போற கோட்டுக்கு கிட்டத்தட்ட குறுக்க. அதனால எந்தப் பக்கம் காத்தடிச்சாலும் ஒரு திருப்பம் போட்டுத்தான் இறங்கியாகணும், அதுக்கு சில நிமிஷம் போகும். தை மாசம் வடகிழக்கு காத்துன்றதால திருச்சில கிழக்கு பாத்து கிளம்பும், அது போற வழிதான். ஆடி மாசம் மேற்கு காத்துல கிளம்பினா எதிர் திசைல ஏறி சுத்தி வரணும், அதே டிக்கெட்டுக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆகலாம்.

மலைக்கோட்டை_72:
படி ஏறணுமா? அம்மாவுக்கு முழங்கால்னு சொன்னாங்களே.

ரன்வே09:
ஏறணும் சார், பின்னாடி கதவு வழியாத்தான் ஏத்துவாங்க, கதவே படியா கீழ இறங்கும். பெரிய விமானத்துக்கு வைக்கற ஏணி மாதிரி உயரம் கிடையாது, சில படிதான், ஆனா படி கொஞ்சம் குறுகலா இருக்கும், ஒருத்தர் கை குடுக்கணும். பலாலில டெர்மினல் வரைக்கும் தரையில நடக்கணும், அதனால டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டு பதிவு பண்ணிடுங்க, அன்னிக்கு போய் கேக்கறது வேற. சீட்டு பின்வரிசையா பாத்து எடுங்க, ஏறின உடனே உக்காந்துடலாம், விசிறி சத்தமும் அங்க கம்மி. தலைக்கு மேல பை வைக்கற இடம் சின்னது, பெரிய கேபின் டிராலி நுழையாது. இலங்கை போக இடிஏ, அதாவது நுழையறதுக்கான அனுமதி, ஆன்லைன்ல முன்னாடியே எடுத்துடுங்க.

உறையூர்க்காரி:
எல்லாம் எழுதி வச்சுக்கிட்டேன். அப்ப சாமான் எல்லாம் சித்தப்பா பசங்க கப்பல்ல, கப்பல் ஓடலன்னா அவங்களும் ஃப்ளைட்டு. அம்மாவும் நானும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வந்து இறங்கற மாதிரி போடலாமா?

பனங்கூடல்:
முந்தின நாள் வேண்டாம் அக்கா, ரெண்டு மூண்டு நாள் முன்னமே வாங்கோ. இது ஒரு நாளைக்கு ஒரு பிளேன். மழை, காத்து எண்டு ஒரு நாள் வராமல் விட்டா அடுத்தது மற்ற நாள்தான், திருச்சியில வேற பிளேன் பிடிக்கவும் ஏலாது. தையில மழை ஓயப் பாக்கும் எண்டாலும் ஒரு நாள் கையில வச்சிருக்கிறது நல்லம். திரும்பிப் போற டிக்கெட்டுக்கும் அப்பிடித்தான், வேலைக்கு போற ஆக்கள் அடுத்த நாளே ஒஃபிஸ் எண்டு வைக்க வேண்டாம். பொம்பிளை வீட்டுக்காரருக்கு பிளேன் நம்பரை அனுப்பி விடுங்கோ, அவை வாகனத்தோட வந்து நிப்பினம்.